நீலகண்டன் நெஞ்சு மொட்டையான கதை

இந்தக் கல்கத்தாவில் முடி சம்பந்தமாக எனக்குத் தெரியாத சங்கதி ஒன்றுகூடக் கிடையாது. தலைமுடி, தாடி, மீசை, காதுக்குள் முளைக்கும் முடி, ஏன், பறவையின் இறகு வரைக்கும் சொல்லுங்கள். பார்த்த மாத்திரத்தில் கோளாறு என்ன, மருந்து என்ன என்று சொல்லிவிடுவேன்.

பொய். முழுப் பொய். சொந்தத் தலையில் இருந்ததையே முப்பது வயதுக்குள் தொலைத்தவன் நான். அஞ்சாம் வகுப்பு வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துப்போகாததால் படிப்பும் அங்கேயே நின்றுபோனது. மிச்சம் இருப்பது கத்திரியும் வாயும். இரண்டில் வாய்தான் கூர்மை என்பாள் என் மனைவி பேச்சி.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய, கல்யாண மாப்பிள்ளைக்கு ஒரு பக்க மீசையை எடுத்த கதையைப் படித்துவிட்டு, “மாரிமுத்து, நீ செய்த தப்பிலேயே பெரிய தப்பு இதுதானா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை ஐயா. மீசை முளைத்துவிட்டது. இந்த வாரம் சொல்லப்போவது முளைக்குமா முளைக்காதா என்று தெரியாமல் நான் தூக்கம் கெட்ட கதை.

நீல முடி

பெஹாலாவில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் என் சலூன். இரண்டு நாற்காலி. பின்னால் ஒரு திரை. திரைக்குப் பின்னால் வெந்நீர் அடுப்பும், நான் உட்கார்ந்து எழுதும் முக்காலியும்.

மழைக்காலம் முடிகிற சமயம். மத்தியானம் கடை ஓய்ந்த நேரத்தில் துடைப்பத்தை எடுத்தேன். தரையில் கிடக்கும் முடியைப் பார்த்தாலே காலையில் யார் யார் வந்தார்கள் என்று சொல்லிவிடலாம். கறுப்பு, காலேஜ் பையன்கள். வெள்ளை, பென்ஷன்காரர்கள். மருதாணிச் சிவப்பு, பென்ஷன் வாங்கியும் ஒப்புக்கொள்ளாதவர்கள்.

அன்றைக்கு நடுவில் நீலம் கிடந்தது.

நீல முடி வைத்த ஆள் எனக்கு யாரும் கிடையாது. அந்த மாதிரித் தலைகள் எதிர்த்தாற்போல் இருக்கும் ஏசி பார்லருக்குத்தான் போகும். குனிந்து எடுத்தேன். முடி இல்லை, இறகு. சுண்டுவிரல் நகம் அளவு, பஞ்சு போல. ஒன்றல்ல, ஒரு கைப்பிடி இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். கூண்டுக்குள் நீலகண்டன் தன் நெஞ்சில் அலகை விட்டு ஒரு இறகைப் பிடித்தான். சுண்டி இழுத்தான். வாயில் வைத்து இரண்டு தரம் மென்றுவிட்டுக் கீழே போட்டான். அது ஆடி ஆடி வந்து என் செருப்பின் மேல் உட்கார்ந்தது.

இவன் யார்

நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்போமே, அந்த ஜாதிப் பறவை. இங்கே ‘பொத்ரி பாக்கி’ என்பார்கள். கைக்குள் அடங்கும். நீல உடம்பு, வெள்ளை முகம், கன்னத்தில் மையால் வைத்த மாதிரிப் பொட்டு.

சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த ஒரு மதுரைப் பையன், தமிழ் பேசிக்கொண்டே முடி வெட்டலாம் என்பதற்காக ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறி மாறி என் கடைக்கு வருவான். பெங்களூருக்கு மாற்றலாகிப் போகும்போது கூண்டோடு கொண்டுவந்து வைத்தான்.

“அண்ணே, பறவை வளர்த்துப் பழக்கம் உண்டா?” என்றான்.

“பழக்கமா? எங்க வீட்டுல கிளி, புறா, கவுதாரி எல்லாம் இருந்துச்சு தம்பி” என்றேன். எங்கள் வீட்டில் இருந்தது ஒரு கோழி. அதுவும் பக்கத்து வீட்டுக்காரருடையது.

பேச்சிக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. “வீட்டுக்குக் கொண்டு வராதீய. பேசுத வாய் வீட்டுல ஒண்ணு போதும்” என்றுவிட்டாள். அதனால் நீலகண்டன் சலூனிலேயே குடியேறினான், வாசல் பக்கம் ஜன்னலை ஒட்டி.

சலூனில் நான் அதிகம் சொல்லும் சொல் எது என்று அவன் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது. வங்காளத்தில் ‘மாத்தா நீச்சு’ என்றால் தலையைக் கீழே குனி என்று அர்த்தம். பின்கழுத்து எடுக்கும்போது சொல்வேன். ஒரு நாள் காலையில், நான் வாயே திறக்காதபோது, ஜன்னல் பக்கமிருந்து அச்சு அசல் என் குரலில், கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி, “மாத்தா நீச்சு” என்று கேட்டது. நாற்காலியில் இருந்தவர் குனிந்துவிட்டார்.

அன்றையிலிருந்து பாதி வேலை அவனுடையது. போலீஸ் ஸ்டேஷனில் எல்லோரையும் தலைகுனிய வைக்கும் தாரோகா ஒருவர், கையளவு பறவை சொன்னதற்குக் குனிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அழுகிற குழந்தைகள் அவன் பேச்சைக் கேட்க வாயை மூடும். எதிர்க் கடையில் ஏசி இருக்கிறது, டிவி இருக்கிறது. நீலகண்டன் இல்லை.

கைலாசத்துக்குப் போகும் வழியில்

பெயர் வைத்தது நான்தான். நீலமாக இருக்கிறான், அதனால் நீலகண்டன். அவ்வளவுதான் என் மூளை. அந்தப் பெயர் இங்கே என்ன வேலை செய்யும் என்று எனக்குத் தெரியாது.

வங்காளத்தில் விஜயதசமி அன்று நீலகண்டப் பறவையைப் பார்ப்பது யோகம். நம் ஊரில் பனங்காடை என்போமே, அது. துர்க்கை பிறந்த வீட்டிலிருந்து புறப்பட்டுவிட்டாள் என்று பறந்துபோய்ச் சிவனிடம் சொல்வது அதன் வேலையாம். முன்பெல்லாம் பெரிய வீடுகளில் பிடித்துவைத்துப் பறக்கவிடுவார்கள். இப்போது பிடிக்கக் கூடாது. ஆகவே தசமி அன்று ஜனங்கள் வானத்தைப் பார்க்கிறார்கள், வானத்தில் கேபிள் ஒயர்தான் இருக்கிறது.

கோபால்தா என்று என் வாடிக்கையாளர். ‘தா’, ‘தாதா’ என்றால் அண்ணன். தபால் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். தினமும் காலையில் ஷேவிங்குக்கு வருவார். தாடி வளர்ந்தாலும் வளராவிட்டாலும் வருவார். ஒரு தசமி அன்று, “இந்தப் பறவைக்கு என்ன பெயர் முத்து?” என்று கேட்டார். சொன்னேன். நுரையோடு எழுந்து நின்று கும்பிட்டுவிட்டார். அந்த வாரமே அவர் மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகிப் பேத்தி பிறந்தது. அவ்வளவுதான். அடுத்த வருஷ தசமிக்குச் சந்தே என் வாசலில் நின்றது.

“இது நிஜ நீலகண்டன் இல்லையே” என்று சந்தில் எல்லோரும் மாசிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடும் ஒரு அம்மா சந்தேகப்பட்டார்.

“நிஜம்தான் மாசிமா. கைலாசத்துக்குப் போற வழியில ஷேவிங் பண்ணிக்க இறங்கினவன்” என்றேன்.

என் வாய் இப்படித்தான் எனக்கு வேலை தேடித் தரும்.

பறவை டாக்டர் ஆனது

இறகு கொட்டுவது அதுதான் முதல் தடவை என்று நினைக்காதீர்கள். அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே ஒரு முறை கொட்டியிருக்கிறது. அப்போது நான் பயந்துபோனேன். கூண்டின் அடியில் தினமும் சின்னதும் பெரிசுமாக இறகு. பயல் பேச மாட்டான், உப்பிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பான், கிட்டே போனால் கொத்துவான்.

கோபால்தா போனைத் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். “பயப்படாதே. இதற்கு இங்கிலீஷில் மோல்ட்டிங் என்று பெயர், மரம் இலை உதிர்க்கிற மாதிரி. பழசு விழும், புதுசு வரும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தரம் நடக்கும்.”

அவர் சொன்னபடியே ஆனது. தலையெல்லாம் வெள்ளை வெள்ளையாக முள் முளைத்தது. மூன்று நாள் தாடியோடு வரும் பள்ளிக்கூட மாஸ்டர் மாதிரி இருந்தான். முள்ளின் உறையை அவனே உரித்தான், உள்ளேயிருந்து பளபளவென்று புது இறகு விரிந்தது. மூன்று வாரத்தில் புது மாப்பிள்ளை.

அதிலிருந்து நான் பறவை டாக்டர். பக்கத்துக் கடைக்காரர் மைனா தும்மினால் என்னைக் கேட்பார். “மோல்ட்டிங்” என்பேன். ஒருவர் தன் பூனைக்கு முடி கொட்டுகிறது என்றார். அதற்கும் “மோல்ட்டிங்” என்றேன். அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு முன்னால் யாரும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை.

ஆகவே, துடைப்பத்தோடு நின்ற அந்த மத்தியானமும் அதையேதான் சொன்னேன். கோபால்தா மட்டும் கூண்டுக்குப் பக்கத்தில் போய்க் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

“போன தடவை இப்படித் தோல் தெரியலையே முத்து.”

“இது பெரிய மோல்ட்டிங்.”

“தலையில ஒரு இறகுகூட விழலையே. நெஞ்சு மட்டும் மொட்டையா இருக்கு.”

“நெஞ்சு மோல்ட்டிங்” என்றேன்.

பத்து நாள் கழித்து நெஞ்சு, வயிறு, இறக்கைக்கு அடியில் எல்லாம் ரோஸ் நிறத் தோல். தலை மட்டும் முழுசாக, அழகாக, திருவிழாத் தலை. கசாப்புக் கடையில் பாதியில் எழுந்துவந்த கோழிக்கு யாரோ கிரீடம் வைத்த மாதிரி இருந்தான். அவன் குரலைக் கேட்டும் வெகு நாள் ஆகியிருந்தது.

தசமிக்கு இன்னும் ஒரு மாதமும் சில்லறை நாட்களும்தான் இருந்தன.

என் எண்ணெய்

இந்த இடத்தில் என் எண்ணெயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தேங்காய் எண்ணெயில் செம்பருத்தி, கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி போட்டு நானே காய்ச்சுவேன். வழுக்கையில் முடி முளைக்கும் என்று சொல்லி விற்பேன். வாங்குகிறவர்கள் என் தலையைப் பார்ப்பார்கள். “எனக்குத் தேய்ச்சுக்க நேரம் இல்லை” என்பேன். வாங்கிக்கொண்டு போவார்கள். வங்காளிகள் நல்லவர்கள்.

முடி கொட்டினால் எண்ணெய். என் தொழிலில் இதற்கு மேல் சாஸ்திரம் கிடையாது. ஒரு காலையில் நீலகண்டனைத் துண்டால் மெல்லப் பிடித்து, பஞ்சில் எண்ணெயை முக்கி, நெஞ்சில் இரண்டு தரம் தடவினேன். போதாது என்று தோன்றியது. நல்ல மனசு. இறக்கைக்கும் கொஞ்சம் தடவிவிட்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. பதினொரு மணிக்கு அவன் கம்பியை விட்டுக் கீழே இறங்கினான். கூண்டின் தரையில் உட்கார்ந்தான். இருந்த இறகெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் குச்சி குச்சியாக நின்றன. உடம்பு நடுங்கியது. கண் பாதி மூடியிருந்தது.

சோற்றுத் தூக்கோடு வந்த பேச்சி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்ன பண்ணுனீய?”

“மருந்து போட்டேன்.”

மோந்து பார்த்தாள். “இது தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்லா?”

“முடிக்கு நல்லது.”

“அதுக்கு முடியா இருக்கு? ரெக்கைலா இருக்கு. எண்ணெய்ல முக்குன கோழி ரெக்கை எதுக்கு ஆகும்? அது நடுங்குதே, கண்ணு தெரியலயா?”

நான் ஏதோ பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பேச்சி தூக்கைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் கூண்டைச் சுற்றினாள். “நடங்க” என்றாள்.

நாற்காலியில் ஒரு ஆள் பாதித் தலையோடு இருந்தார். “வந்து மீதியை எடுக்கறேன் தாதா” என்றேன். கோபால்தா கடைக்குக் காவல் இருந்தார்.

டாக்குரியாவில்

டாக்குரியா ஸ்டேஷன் பக்கம் ஒரு மிருக டாக்டர் இருப்பதாகக் கோபால்தாதான் சொன்னார். பஸ் பிடித்துப் போனோம். வழியெல்லாம் பேச்சி என்னோடு பேசவில்லை. கூண்டோடு பேசினாள். “இன்னும் கொஞ்ச தூரம்தான் ராசா. செத்துகித்துத் தொலச்சிராத” என்று திருநெல்வேலித் தமிழில் அவள் சொல்லச் சொல்ல, பக்கத்து சீட்டு அம்மா தன் சால்வையை எடுத்துக் கொடுத்தார். என்ன பாஷை என்று கேட்கவில்லை.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயசு இருக்கும். கூண்டைத் திறந்தவுடன் மூக்கைச் சுருக்கினார்.

“யார் இதைச் சமைத்தது?”

பேச்சி என்னைக் கைகாட்டினாள். வங்காளம் அவளுக்குச் சரியாக வராது. ஆனால் காட்டிக்கொடுக்க எந்த பாஷையும் வேண்டாம்.

டாக்டரம்மா வங்காளத்தில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். “இறகு பறவைக்குச் சட்டை. எண்ணெய் பட்டால் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும், உள்ளே சூடு நிற்காது. இன்றைக்கு ராத்திரி தாண்டுவது இவன் கையில்தான் இருக்கிறது.”

மாவு தூவி எண்ணெயை உறிஞ்சவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஏதோ சோப்பைக் கரைத்துத் துளித் துளியாகக் கழுவினார். நனைந்த நீலகண்டன் ஒரு கட்டைவிரல் அளவுகூட இல்லை. இதற்காகவா சந்தே வாசலில் நின்றது என்று இருந்தது எனக்கு. மஞ்சள் பல்புக்கு அடியில் துண்டில் வைத்தார். பேச்சி பல்பையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த நாய்ப் படங்களை எண்ணினேன். பதினொன்று. திரும்ப எண்ணினேன்.

நடுக்கம் கொஞ்சம் அடங்கிய பிறகு டாக்டரம்மா கேட்டார். “இறகு எப்படிப் போச்சு?”

“மோல்ட்டிங் டாக்டர்” என்றேன், பழக்கதோஷம்.

அவர் என்னை உட்காரச் சொன்னார். “இறகு மாற்றுகிற பறவை மொட்டையாகாது. பழசு விழ விழப் பக்கத்திலேயே புதுசு முளைக்கும். தோல் தெரிந்தால் அது வேறு விஷயம். பேன், செள் இருக்கலாம். பார்த்துவிட்டேன், இல்லை. சில நோயில் இறக்கை, வால் இறகு விழும். இவனுக்கு அது நன்றாக இருக்கிறது. சரி, தலை மட்டும் எப்படித் தப்பியது? நீயே சொல்.”

பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்த பிறகு யாரும் என்னிடம் கேள்வி கேட்டு இப்படிக் காத்திருந்ததில்லை.

பேச்சிதான் என் காதில் சொன்னாள். “தலைக்கு அதோட வாய் எட்டாதுல்லா.”

வங்காளத்தில் சொன்னேன். டாக்டரம்மா பேச்சியைப் பார்த்துத் தலையாட்டினார். “தலை மொட்டையாக இருந்தால் கூட இருக்கிற பறவை பிடுங்குகிறது. தலை முழுசாக இருந்து, அலகு எட்டுகிற இடமெல்லாம் போயிருந்தால், தானே பிடுங்கிக்கொள்கிறது. இந்தப் பறவைகள் சும்மா அப்படிச் செய்யாது. மனசில் ஏதோ அவஸ்தை. பிடுங்கிக்கொண்டே இருந்தால் இறகு முளைக்கிற குழியே செத்துவிடும், அப்புறம் எந்தக் காலத்திலும் முளைக்காது. அவஸ்தை என்ன என்று நீதான் கண்டுபிடிக்க வேண்டும்.”

கடையில் என்னவெல்லாம் உண்டு என்று கேட்டார். சொன்னேன். ஸ்பிரே உண்டு. ஹேர் டிரையர் உண்டு. சாயங்காலம் கல்லாவுக்கு சாம்பிராணிப் புகை. ராத்திரி பத்து வரைக்கும் டியூப் லைட். சாப்பாடு வெறும் தினை.

“வேறு பறவை கண்ணில் படுகிறதா?”

“இல்லை டாக்டர். தனி ஆள்” என்றேன். பொய் சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்ன பொய் என் கணக்கில் அது ஒன்றுதான்.

நூறு மாரிமுத்து

ராத்திரி தாண்டியது. பேச்சி, வீட்டுக்குக் கொண்டு வராதீய என்று சொன்ன அதே பேச்சி, அரிசி டப்பாக்களை இறக்கிவிட்டு அலமாரியில் இடம் பண்ணினாள். நாலு நாள் கூண்டு வீட்டில் இருந்தது. வேகவைத்த முட்டை, கொத்தமல்லி, அலகு தேய்க்கக் கடல் நுரை ஓடு என்று ராஜ உபசாரம். நாலு நாளும் அவன் ஒரு இறகைக்கூடப் பிடுங்கவில்லை.

“பாத்தீயளா, பிள்ளை சரியாயிட்டான்” என்றாள் பேச்சி. அஞ்சாம் நாள் கடைக்குக் கொண்டுவந்து பழைய இடத்தில் மாட்டினேன். ஒரு மணி நேரத்தில் தரையில் நீலம்.

ஸ்பிரே அடிக்கவில்லை. சாம்பிராணி போடவில்லை. டிரையரைப் பெட்டிக்குள் வைத்தாகிவிட்டது. வீட்டில் இல்லாதது கடையில் என்ன இருக்கிறது? எனக்கு அழுகை மாதிரி வந்தது. வாடிக்கையாளர் இருந்ததால் தும்மினேன்.

கூண்டைத் திரும்ப எடுத்துவிடலாம் என்று ஸ்டூலில் ஏறினேன். கொக்கியைக் கழற்றும்போது என் முகமும் கூண்டும் ஒரே உயரத்தில் இருந்தன. அப்போதுதான் பார்த்தேன்.

எதிரே ஒரு மொட்டைத் தலை. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் இன்னொன்று. வரிசையாக, சின்னதாகிக்கொண்டே, பச்சை இருட்டுக்குள் போகிற வரைக்கும் நூறு மாரிமுத்து ஸ்டூலில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவன் கையிலும் ஒரு கூண்டு. ஒவ்வொரு கூண்டிலும் ஒரு நீலகண்டன்.

புதுக் கண்ணாடி. சொல்ல விட்டுப்போனது இதுதான். எதிர்க் கடைக்குப் போட்டியாக, பூஜை சீசனுக்கு முன்னால், நாற்காலிகளுக்குப் பின்னால் உள்ள சுவர் முழுக்க ஒரு கண்ணாடி மாட்டியிருந்தேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. தன் பிடரியைத் தானே பார்த்துக்கொள்ளாமல் எந்த வங்காளியும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டான். எல்லோருக்கும் தெரியட்டும் என்று கூண்டையும் ஜன்னலிலிருந்து எடுத்து நடுவில், இரண்டு கண்ணாடிக்கும் மத்தியில் மாட்டியதும் நானேதான். யாரும் என்னைக் கேட்கவில்லை.

காலையில் எழுந்தால் நூறு பேர். கூப்பிட்டால் பதில் இல்லை. இரையைக் கக்கி ஊட்டப் போனால் அலகில் கண்ணாடி இடிக்கிறது. எத்தனை பேரைப் பார்ப்பான், யாரிடம் சண்டை போடுவான், யாருக்குத் தலைகுனிவான்? ஒரே ஒரு மாரிமுத்துவைக் கண்ணாடியில் பார்ப்பதற்கே எனக்குக் காலையில் தைரியம் வேண்டியிருக்கிறது.

ஸ்டூலில் நின்றபடியே கத்தினேன். “கோபால்தா, ஆள் மாட்டிக்கிட்டான்.”

“யார்?”

“நான்தான்.”

சேலை கட்டிய சுவர்

ஜன்னலுக்குக் கொண்டுபோனாலும் சந்து மாதிரிக் கடையில் கண்ணாடி விடாது. கண்ணாடியைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் நீலகண்டனை வீட்டில் வைக்க வேண்டும். வீட்டிலோ பேச்சி பகலெல்லாம் நாலு வீட்டுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுக்கப் போய்விடுவாள். தனியாக விட்டால் அதுவும் ஒரு அவஸ்தை. பூஜைக்கு முந்தின மாதம்தான் எனக்கு வருஷத்துச் சம்பாத்தியம். கண்ணாடி வேண்டும்.

பேச்சி ஒரே நிமிஷத்தில் தீர்த்தாள். தன் பழைய சுங்குடிச் சேலையைக் கொண்டுவந்து புதுக் கண்ணாடிக்கு மேலே ஆணி அடித்துத் தொங்கவிட்டாள். “இப்ப உங்க பவிசு யாருக்கும் தெரியாது” என்றாள்.

வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். “முத்துதா, என் பின்பக்கத்தைக் காட்டேன்.”

“நல்லா இருக்கு தாதா. நான் பார்த்துட்டேன்.”

“நான் பார்க்கணுமே.”

கைக்கண்ணாடியை எடுத்துப் பிடித்தால் அதையும் கூண்டுக்குப் படாமல் முதுகைக் காட்டி மறைத்துக்கொண்டு பிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது தடவை பரதநாட்டியம். நாலைந்து பேர் கோபித்துக்கொண்டு ஏசி கடைக்குப் போனார்கள். கோபால்தா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் உபதேசம் பண்ணினார். “அறுபத்தெட்டு வருஷம் என் பிடரி நான் பார்க்காமலே நன்றாக இருந்தது. அதை மனைவி பார்த்துக்கொள்வாள்.”

தினமும் மத்தியானம் தரையைக் கூட்டினேன். கறுப்பு, வெள்ளை, சிவப்பு. முதல் வாரம் நீலம் குறைந்தது. இரண்டாம் வாரம் ஒன்றோ இரண்டோ. மூன்றாம் வாரம் ஒன்றும் இல்லை. ஆனால் நெஞ்சு அப்படியே இருந்தது, ரோஸாக, வழவழவென்று. குழி செத்துவிட்டால் முளைக்காது என்று டாக்டரம்மா சொன்னது காதிலேயே நின்றது. தினமும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். வழுக்கையைத் தடவிக்கொண்டே இன்னொரு வழுக்கையைப் பார்ப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

மகாலயம் கழிந்து, தெருவில் மூங்கில் கட்டி, பந்தலில் தாக்கு மேளம் அடிக்கத் தொடங்கிய அன்று, நெஞ்சுக்கு நடுவில் ஒரு முள். மறுநாள் நாலு. நான் பேச்சிக்குப் போன் பண்ணினேன். “முளைச்சிட்டுது” என்றேன். “எனக்கு முந்தாநாளே தெரியும். நீங்க கண்டுபிடிக்கட்டும்னு இருந்தேன்” என்றாள்.

முள் வந்தது. பேச்சு வரவில்லை. ‘மாத்தா நீச்சு’ கேட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்த குழந்தைகள் கூண்டைப் பார்க்கும், காத்திருக்கும், அப்புறம் அழும்.

தசமி

தசமி அன்று சந்து ஜனம் வந்துவிட்டது. நெற்றி, கன்னமெல்லாம் குங்குமம் பூசிக்கொண்டு பெண்கள், பின்னால் புது வேட்டியில் ஆண்கள். நான் வாசலிலேயே நின்று உண்மையைச் சொல்லிவிட்டேன். உண்மை சொல்லிப் பழக்கம் இல்லாததால் நாக்கு இடறியது. “இந்த வருஷம் பாதி நீலகண்டன்தான் இருக்கான். மீதியை நான் கண்ணாடி மாட்டி, எண்ணெயும் போட்டு அழிச்சுட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக உள்ளே வந்து, முள்ளு முள்ளாக நிற்கும் அந்த நெஞ்சைப் பார்த்தார்கள். போன வருஷம் சந்தேகப்பட்ட அதே மாசிமா, “பாவம், கைலாசம் போயிட்டுத் திரும்பியிருக்கான், வழியில் குளிர்” என்றார். கடைசியாகக் கோபால்தா. கூண்டின் கம்பியில் மூக்கு இடிக்கக் குனிந்து, கையைக் கூப்பினார். வெளியே தாக்கு நின்றது. நீலகண்டன் ஒரு காலைத் தூக்கினான். தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் கோபால்தாவைப் பார்த்தான். தொண்டை அசைந்தது. அலகைத் திறந்து—

“ஏங்க.”

இது பேச்சி. இப்போது, இந்த நிமிஷம், திரையை விலக்கிக்கொண்டு நிற்கிறாள்.

“கோபால்தா முகத்துல நுரையப் பூசி உக்கார வச்சு கால் மணி நேரம் ஆச்சு. இங்கன உக்காந்து என்னத்த எழுதுதீய?”

“ஒரே ஒரு வரிதான் பாக்கி.”

“எந்த வரி?”

“தசமி அன்னைக்கு அது வாயத் தொறந்து என்ன சொல்லுச்சுங்கிறது.”

“அதைத்தானே அங்க இருந்து சொல்லிக்கிட்டே இருக்கு. காது கேக்கலயா?”

பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். ஆமாம். மூக்கடைத்த என் குரல், விடாமல்.

திரை வழியாக எட்டிப் பார்த்தால், தாடி எடுக்க அண்ணாந்து உட்கார வேண்டிய கோபால்தா, மோவாய் நெஞ்சில் இடிக்கத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். நுரை புது வேட்டியில் சொட்டுகிறது. அவரை யாராவது போய் நிமிர்த்தியாக வேண்டும்.